கலங்கல்

அணை என்று சொன்னால் சிரிப்பார்கள்.
பதினெட்டடி மண்மேடு,
நடுவில் கருங்கல் மதகு,
துருவேறிய ஒற்றைத் திருகு.
மரம் அறுக்கும் ஆலைக்காகக் கட்டியது.
ஆலை எரிந்து அறுபது வருடம்.
தண்ணீருக்கு அந்தச் செய்தி
இன்னும் போய்ச் சேரவில்லை,
தினமும் வேலைக்கு வந்து நிற்கிறது.

பனி உருகும் ஏப்ரலில் போனேன்,
வெர்மாண்ட் மாநிலத்தின் முத்திரை பதித்த சட்டையோடு.
கரை நெடுக பிர்ச் மரங்கள்.
வெள்ளையாய், அழகாய்,
வேரால் மண்ணைத் துளைத்துக்கொண்டு.
கிரவுண்ட்ஹாக் வளைகள் ஆறு.
ஆறாவதில் என் கை தோள்வரை போனது.
அதற்கப்பாலும் இடமிருந்தது.

வீட்டை ஏலத்தில் எடுத்தபோது
பத்திரத்தின் பதினோராம் பக்கத்தில் இருந்தது அணை.
பத்தாம் பக்கம்வரை படித்திருந்தார்
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒடெட் பூஷே.

"பழைய அறிக்கையில் குறைந்த அபாயம்,
உங்களுடையதில் அதிக அபாயம்.
அப்படி என்ன செய்துவிட்டது இது?"

ஒன்றும் செய்யவில்லை.
கீழே, ஓடை திரும்பும் இடத்தில்
பதினான்கு சக்கர வீடுகள் வந்துவிட்டன.
அபாயம் அணையின் குணமல்ல,
அதன் கீழே யார் தூங்குகிறார்கள் என்பது.
கொடியில் காய்ந்த சின்னச் சின்னக் காலுறைகளை
எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

கரையின் அடியில் கசிவு.
கசிவு குற்றமில்லை,
எந்த மண்கரையும் வியர்க்கும்.
தெளிவாய் வந்தால்
தண்ணீர் மட்டும் போகிறது.
கலங்கி வந்தால்
அணை போகிறது.

என் மொழியில் கலங்கல் என்றால் சேற்று நீர்.
ஏரி நிரம்பினால் உபரி வழியும் வாய்க்கும்
அதே பெயர்.
கரையைக் காப்பாற்றுவது ஒன்று,
கரை போவதைச் சொல்வது மற்றொன்று.
பெயர் வைத்தவர் இரண்டையும்
ஒரே இரவில் பார்த்திருப்பார்.
ஒடெட்டுக்கு இதைச் சொல்ல எனக்கு வரவில்லை.
காலி ஊறுகாய்ப் புட்டி ஒன்று கேட்டேன்.

செப்பனிட நான்கு லட்சம் டாலர்.
இடித்து அகற்ற அதில் பாதி.
இரண்டுக்கும் விண்ணப்பித்தோம்,
பதில் வர இலையுதிர்காலம் ஆகுமாம்.
குளத்தை இறக்கலாமென்று
திருகைப் பிடித்தோம் இருவரும்.
அரைச்சுற்று வந்தது.
பிறகு எங்கள் கைதான் சுற்றியது.

ஆகவே தினமும் விடிகாலை ஐந்தரைக்கு,
பேருந்தை எடுக்குமுன்
கசிவில் புட்டியை நிரப்பி,
பின்னால் செய்தித்தாளைப் பிடித்து,
தண்ணீர் வழியே ஒரு வரி படிப்பார் தொலைபேசியில்.
"பழைய டிராக்டர், ஆறாயிரத்து இருநூறு."
"காணவில்லை, சாம்பல் பூனை, இடது காதில் வெட்டு."
பல் தேய்த்தபடி 'சரி' என்பேன்.
மூன்று வாரத்தில்
அந்த ஊரில் யார் எதை விற்கிறார்கள்,
எதற்கு இன்னும் ஆள் வரவில்லை,
எல்லாம் எனக்கு அத்துப்படி.
பூனை கிடைத்ததா தெரியவில்லை.

நேற்று இரவெல்லாம் மழை.
இன்று மணி ஐந்து பத்துக்கே அழைப்பு.

"கட்டில், கிட்டத்தட்டப் புதியது" என்றார்.
நிறுத்தினார்.
"விலை அறுபதா, எண்பதா..."

கண்ணாடி போட்டிருக்கிறீர்களா?

"போட்டிருக்கிறேன்."

ஆட்டாமல் ஒரு நிமிஷம் வையுங்கள்.

வைத்தார்.
அவர் அடுக்களையில் குளிர்பெட்டி உறுமுவது கேட்டது.
அதற்குள் ஒரு காலில் பூட்ஸ் போட்டுவிட்டேன்.
மற்றதைத் தேடினேன்.

இப்போது?

புட்டியைப் பற்றி அவர் பேசவில்லை.
சாவிக்கொத்து மேசையில் உரசியது.
"பதினான்கு வீடுதானே" என்றார்,
"என் பேருந்துக்கு ஒரே நடை."